தேனீ எதைப் பார்த்து, எதை முகர்ந்து கற்கிறது? ஒரு முக்காலியும் சீனித் தண்ணீரும் வைத்து வீட்டிலேயே செய்து பார்க்க முழு வழிகாட்டி

கரும்பு ஜூஸ் வண்டியில் தேனீ மொய்ப்பதைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். "இனிப்பு வாசத்துக்கு வருது" என்று கடைக்காரர் துணியை வீசிக்கொண்டே சொல்வார். பாதி சரி. அந்தத் தேனீ நேற்றும் அங்கே வந்து குடித்திருந்தால், இன்று அது வாசத்தை மட்டும் நம்பி வரவில்லை. வண்டி நிற்கிற வேப்பமரம், மேலே கட்டிய தார்ப்பாயின் நிறம், உட்கார்ந்து குடித்த டம்ளரின் விளிம்பு, ஏன், வண்டி வந்து நிற்கிற நேரம்கூட அதன் கணக்கில் இருக்கும்.

அந்தக் கணக்கில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி. ஆய்வுக்கூடம் வேண்டாம். 1914இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற இளைஞர், தேனீக்கு நிறமே தெரியாது என்று அடித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஹெஸ் என்ற பெரிய கண் மருத்துவப் பேராசிரியரை மறுத்ததும் சீனித் தண்ணீரையும் வண்ண அட்டைகளையும் வைத்துத்தான். (ஃபிரிஷுக்கு நோபல் பரிசு வர 1973 வரை ஆனது, அது வேறு கதை.) நம்மிடம் ஒரு வாரப் பொறுமை இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இனிப்பு நாக்கில் படுவதற்குச் சற்று முன்னால் எது வருகிறதோ, அதுதான் தேனீக்குப் பதிகிறது. தூரத்தில் ஒன்று, அரை மீட்டரில் ஒன்று, விரற்கடை தூரத்தில் ஒன்று என்று வரிசையாக வரும். நாம் ஒன்றைக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அது வேறொன்றைக் கற்றிருக்கும். எனக்கு முதல் மூன்று நாள் இப்படித்தான் வீணாய்ப் போனது.

காலமும் சாமானும்

நான் இருப்பது குமரி மாவட்டம், வீட்டுப் பின்புறத்தில் இந்தியத் தேனீ இரண்டு பெட்டி. ரப்பர் தளிர் விடுகிற மாசி, பங்குனியில் இதைத் தொடங்கினால் ஒரு தேனீகூடத் திரும்பிப் பார்க்காது. ரப்பரில் தேன் ஊறுவது பூவில் இல்லை, இலைக்காம்பு நுனியில் இருக்கிற சுரப்பியில். அது ஊறுகிற நாட்களில் நம் சீனித் தண்ணீரை யார் மதிப்பார்கள். பெட்டிக்குச் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிற பஞ்ச மாதங்களில், மழை விட்ட காலை வேளைதான் சரியான நேரம்.

வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, எடைக்கு எடை. வெல்லம், கருப்பட்டி வேண்டாம், அவற்றுக்குத் தனி வாசம் உண்டு, சோதனையே கெட்டுவிடும். தேனை மறந்தும் வைக்காதீர்கள். வாசம் ஒரு காரணம், நோய் இன்னொரு காரணம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற, தேனீப் புழுக்களைக் கொல்கிற வைரஸ் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாக அழிந்ததைப் பழைய தேனீக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கண்ட தேனைத் திறந்து வைப்பது நோயை விருந்துக்கு அழைப்பது மாதிரி.

அப்புறம் ஒரு முக்காலி. அதன் மூன்று காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் நீங்கள் எறும்புகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பீர்கள். நிறமில்லாத சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரே அளவில், ஒரு டஜன். 15 சென்டிமீட்டர் சதுர அட்டைகள்: நீலம், மஞ்சள், சிவப்பு, சாம்பல் நிறத்தில் வெளிறியது முதல் கருத்தது வரை ஐந்தாறு. எல்லா அட்டைக்கும் மேலே ஒரு கண்ணாடித் தகடு, அட்டையின் மை வாசம் மேலே வராமல் இருக்க. போஸ்டர் கலர் இரண்டு மூன்று நிறம், தீக்குச்சி, துடைக்க ஸ்பிரிட், நோட்டுப் புத்தகம்.

தேனீ கொட்டினால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

தேனீயை மேசைக்கு அழைத்து வருவது

பெட்டி வைத்திருப்பவர்களுக்கு எளிது. ஒரு துளி சீனித் தண்ணீரை வாசலில் வைத்து, நாலைந்து தேனீ குடிக்கத் தொடங்கியதும் கிண்ணத்தை மெல்ல ஒரு மீட்டர் தள்ளுங்கள். அவை திரும்பி வந்ததும் இரண்டு மீட்டர், ஐந்து, பத்து. இருபது மீட்டர் தள்ளி, பெட்டி கண்ணில் படாத இடத்தில் முக்காலியை நிறுத்துங்கள். வாசலிலேயே கிண்ணத்தை நிறைத்து வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ வந்து கொள்ளையடிக்கத் தொடங்கும், அப்புறம் நிறுத்த முடியாது.

பெட்டி இல்லாதவர்கள் துளசியிலோ முருங்கைப் பூவிலோ இருக்கிற தேனீயின் வாய்க்கு நேரே, சீனித் தண்ணீரில் தோய்த்த ஈர்க்குச்சியை நீட்டுங்கள். பத்தில் ஒன்று ஏறிக் குடிக்கும். குடிக்கத் தொடங்கிய தேனீக்கு உலகம் தெரியாது, குச்சியோடு நடந்துபோய் முக்காலியில் வைத்துவிடலாம்.

குடிக்கும்போதே முதுகில், இறக்கை முளைக்கிற இடத்துக்கு நடுவே, தீக்குச்சி நுனியால் ஒரு புள்ளி. இறக்கையிலும் கண்ணிலும் படக்கூடாது. ஐந்தாறு தேனீக்குப் புள்ளி வைத்தால் போதும், மற்றவை கூட்டம் சேர்ந்தால் ஒரு டம்ளரால் மூடிப் பிடித்து, சோதனை முடியும்வரை நிழலில் வையுங்கள். ஐம்பது தேனீ மொய்க்கிற மேசையில் எந்தத் தேனீ எதைக் கற்றது என்று கடவுளுக்கே தெரியாது.

முதல் முறை வயிறு நிறையக் குடித்துக் கிளம்புகிற தேனீயைக் கவனித்துப் பாருங்கள். நேராகப் போகாது. ஒரு சாண் எழும்பும், மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடமும் வலமுமாக அரைவட்டம் அடிக்கும், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், அப்புறம்தான் கூட்டை நோக்கிப் பறக்கும். புது ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவன் திரும்பித் திரும்பிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிற மாதிரி. இடத்தை அது மனதில் எழுதிக்கொள்வது இந்த நேரத்தில்தான். நாலாவது ஐந்தாவது முறையில் இந்தத் திரும்பிப் பார்ப்பு குறைந்து, நேரே கிளம்பிவிடும்.

முதல் சோதனை: இடமா, நிறமா

முக்காலியில் ஒரு பலகை. இடப்பக்கம் நீல அட்டை, மேலே சீனித் தண்ணீர்க் கிண்ணம். வலப்பக்கம் மஞ்சள் அட்டை, மேலே வெறும் தண்ணீர். ஆறு ஏழு முறை தேனீ வந்து போகட்டும். நீலத்தில் நேராக இறங்கும். "நீலத்தைக் கற்றுவிட்டது!" என்று நானும் துள்ளினேன். அட்டைகளை இடம் மாற்றி வைத்தேன். தேனீ இடப்பக்கமே வந்து மஞ்சளில் இறங்கியது. அது கற்றது இடதுபக்கம்.

அதோடு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நல்ல தீனி கிடைத்த இடத்தில் தேனீ தன் பின்பக்கத்தைத் தூக்கி, வாசச் சுரப்பியைத் திறந்து, இறக்கையால் விசிறிக் கூட்டாளிகளைக் கூப்பிடும். உட்கார்ந்து போன கிண்ணத்தில் அதன் கால் வாசமும் ஒட்டியிருக்கும். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த தேனீ அதைத்தான் பிடித்துக்கொண்டு வரும்.

அதனால் கற்றுக்கொடுக்கும்போது ஒவ்வொரு வருகைக்கும் அட்டையின் இடத்தை மாற்றுங்கள், அதுவும் இடம், வலம், இடம், வலம் என்று ஒழுங்காக மாற்றாமல் தாறுமாறாக. கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். சோதிக்கும்போது எல்லாக் கிண்ணமும் புதியது, எல்லாம் காலி, கண்ணாடித் தகடும் புதியது. மூன்று நிமிடம் எதில் எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணுங்கள். அதற்கு மேல் காலிக் கிண்ணத்தை வைத்திருந்தால் தேனீ நம்பிக்கை இழந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும், ஆகவே உடனே மறுபடி சீனித் தண்ணீர்.

நிறத்தை உண்மையிலேயே பார்க்கிறதா

இங்கேதான் ஃபிரிஷின் கெட்டிக்காரத்தனம். நீலத்தைத் தேனீ தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. நிறம் தெரியாத கண்ணுக்கும் நீலம் ஒருவகைச் சாம்பலாகத் தெரியும், அந்த வெளிச்ச அளவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே நீல அட்டை ஒன்றை, வெளிறியது முதல் கறுத்தது வரை 15 சாம்பல் அட்டைகளுக்கு நடுவே வைத்தார். எந்தச் சாம்பலோடும் குழப்பிக்கொள்ளாமல் தேனீ நீலத்தில் போய் இறங்கியது. வீட்டில் ஐந்தாறு சாம்பலே போதும்.

அடுத்து நீலத்துக்குப் பதில் சிவப்பில் பழக்கிப் பாருங்கள். சிவப்பைக் கருஞ்சாம்பலோடு குழப்பிக்கொள்ளும். தேனீயின் கண்ணில் நிறம் பிரிக்கிற செல்கள் மூன்று வகை: புற ஊதாவுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. சிவப்புக்கு ஆளில்லை. முள்முருங்கை செக்கச்செவேல் என்று பூப்பது தேன்சிட்டையும் மைனாவையும் நம்பித்தான். எந்த நிறம் வேகமாகப் பதிகிறது என்பதை ராண்டால்ஃப் மென்ஸல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அளந்தார். ஊதா ஒரே வருகையில் பெரும்பாலும் பதிந்துவிடும், நீலப்பச்சைதான் கடைசி. எல்லா நிறத்தையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை தேனீ, பிறக்கும்போதே சிலவற்றில் சாய்வு இருக்கிறது.

அட்டை அளவில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். தேனீக் கண் கூர்மை குறைந்தது. 8 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றைச் சுமார் 90 சென்டிமீட்டருக்கு அப்பால் அதனால் பிரித்துப் பார்க்கவே முடியாது. 90க்கும் 30க்கும் இடையே ஏதோ ஒன்று இருக்கிறது என்று பச்சை உணர்கிற செல்லின் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத் தெரிந்துகொள்ளும், நிறம் தெரியாது. 30 சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் நிறம். நம் 15 சென்டிமீட்டர் அட்டைக்கு அந்தத் தூரம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு அட்டைகளையும் ஒட்டி ஒட்டி வைத்தால் தேனீ தூரத்திலிருந்தே ஏதோ ஒன்றில் விழுந்துவிடும், நாம் அதை முட்டாள் என்போம். குறைந்தது ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.

எப்போது பதிகிறது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். 1931இல் எலிசபெத் ஓப்ஃபிங்கர், தேனீ வரும்போது ஒரு நிறம், குடிக்கும்போது வேறு நிறம், கிளம்பும்போது இன்னொரு நிறம் என்று கீழே இருக்கிற நிறத்தை மாற்றிப் பார்த்தார். அப்புறம் சோதித்தால் தேனீ தேடியது வரும்போது கண்ட நிறத்தை. ஒரு நிமிடத்துக்கு மேல் இரண்டாவது நிறத்தின்மேல் உட்கார்ந்து குடித்தும், குடிக்கும்போது இருந்த நிறம் ஏறவில்லை. இறங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிதான் கணக்கு. நீங்களும் செய்யலாம்: அட்டைகளைக் கண்ணாடிக்கு அடியில் நுழைத்து, தேனீ நாக்கை நீட்டியதும் சத்தமில்லாமல் உருவி மாற்றுங்கள்.

வாசம்: இங்கே தேனீ மேதை

நிறத்துக்கு மூன்று முதல் ஐந்து வருகை, வடிவத்துக்கு ஏறத்தாழ இருபது, வாசத்துக்கு ஒன்று. ஒரே ஒரு தடவை. இதுதான் பொதுவான கணக்கு, பூ வாசமாக இருந்தால் இன்னும் உறுதி.

துளையிட்ட டப்பா மூடிக்கு அடியில் இரண்டு மல்லிகை மொட்டை மறைத்து, மேலே சீனித் தண்ணீர். இன்னொரு மூடிக்கு அடியில் நசுக்கிய ஏலக்காய், மேலே வெறும் தண்ணீர். இரண்டு மூடியும் ஒரே நிறம். இரண்டு மூன்று வருகைக்குப் பிறகு காலிக் கிண்ணத்தோடு சோதியுங்கள். வாசம் தேர்ந்தெடுப்பதில் இரண்டு எச்சரிக்கை. வாழைப்பழ எசன்ஸ் கூடவே கூடாது. கொட்டிய தேனீ "எதிரி இங்கே" என்று கூட்டாளிகளுக்குத் தெரிவிக்கிற வாசத்தில் இருக்கிற முக்கியப் பொருள் அதே வாழைப்பழ மணம்தான். எலுமிச்சைப்புல் எண்ணெயும் வேண்டாம், அது தேனீ கூட்டாளியை அழைக்கிற வாசத்துக்கு நெருக்கம், கற்காமலேயே வரும்.

இனி இரண்டையும் மோத விடுங்கள். நீல அட்டையோடு மல்லிகை வாசம் சேர்த்து ஒரு காலை முழுவதும் பழக்குங்கள். சோதனையில் நீல அட்டையில் வாசமில்லை. இரண்டு முழம் தள்ளி மஞ்சள் அட்டையில் மல்லிகை.

வெள்ளைப் புள்ளி வைத்த தேனீ நேரே நீலத்துக்கு வந்தது. ஒரு விரற்கடை மேலே நின்றது. இறக்கை அடித்துக்கொண்டே, உணர்கொம்பு இரண்டும் கீழ்நோக்கி வளைந்து துழாவின. இறங்கவில்லை. பின்னால் நகர்ந்து, மறுபடி வந்து, மறுபடி நின்றது. நாலு தடவை இப்படி. காற்று லேசாகத் திரும்பியதா, சுற்றும்போது தற்செயலாக மஞ்சள் பக்கம் போனதா தெரியவில்லை, சட்டென்று மஞ்சளில் இறங்கி நாக்கை நீட்டிவிட்டது. கிண்ணமோ காலி.

ஃபிரிஷும் வண்ணப் பெட்டிகளில் இதையேதான் கண்டார். தூரத்திலிருந்து அழைப்பது நிறம், வாசலில் நின்று உள்ளே விடுவது வாசம். நிறம் பெரிதா வாசம் பெரிதா என்று பட்டிமன்றம் வைப்பதில் அர்த்தமில்லை, இரண்டும் வெவ்வேறு தூரத்தில் வேலை செய்கின்றன.

வாசத்தைத் தேனீ வெளியே போகாமலும் கற்கும். சாயங்காலம் பெட்டிக்குள் ஏலக்காய் ஊறிய சீனிப்பாகு வையுங்கள். வாயோடு வாய் மாற்றிக் குடிக்கும்போது வாசமும் சேர்ந்து பதிந்துவிடும். மறுநாள் மேசையில் ஏலக்காயும் மல்லிகையும் வைத்தால், மேசைக்கே வந்திராத தேனீகூட ஏலக்காய்ப் பக்கம் சாயும். ஆஸ்திரேலியாவில் யூடித் ரைன்ஹார்டும் இந்தியாவில் பிறந்த மாண்டயம் சீனிவாசனும் 2004இல் இன்னொரு படி போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வாசத்தோடு பழக்கிய தேனீக்களின் கூட்டுக்குள் ஒரு வாசத்தை மட்டும் ஊதினார்கள். அந்த வாசத்துக்கு உரிய இடத்தைத் தேடித் தேனீக்கள் கிளம்பிப் போயின, அங்கே அப்போது வாசமும் இல்லை, சீனியும் இல்லை.

மேசையில் செய்ய முடியாதது

ஆய்வுக்கூடத்தில் தேனீயைக் குளிரவைத்து மயக்கி, தலை மட்டும் வெளியே தெரிய ஒரு சின்னக் குழாயில் நிறுத்துவார்கள். உணர்கொம்பில் சீனி தொட்டால் நாக்கு தானாக நீளும். வாசத்தை ஊதி, மூன்று விநாடி கழித்துச் சீனி கொடுத்தால், அடுத்த முறை வாசத்துக்கே நாக்கு நீளும். சீனியை முதலில் கொடுத்து வாசத்தைப் பின்னால் ஊதினால் ஒன்றும் நடக்காது. ஓப்ஃபிங்கரின் நிறம் சொன்ன அதே பாடம். 1993இல் மார்ட்டின் ஹாமர், சீனியே கொடுக்காமல், வாசத்துக்குப் பின் தேனீ மூளையில் ஒரே ஒரு நரம்புச் செல்லைத் தூண்டினார். சீனி கிடைத்த மாதிரியே அது கற்றது. சுமார் பத்து லட்சம் செல் உள்ள மூளையில் "இது நல்லது" என்று முத்திரை குத்த ஒரு செல்!

தொடு உணர்வை நான் சரியாகச் செய்து பார்த்ததில்லை. சொரசொரப்பான தாளையும் வழவழப்பான தாளையும் தேனீ உணர்கொம்பால் தடவிப் பிரித்தறியும் என்பது உறுதி, பூவிதழின் மேல்தோல் வேறுபாட்டையே அறியும். நேரமிருந்தால் ஒரே நிற அட்டையில் உப்புத்தாள் ஒட்டி முயன்று பாருங்கள்.

இரண்டு நிறம் ரொம்ப நெருக்கமாக இருந்து தேனீ தடுமாறினால், தவறான கிண்ணத்தில் வெறும் தண்ணீருக்குப் பதில் கசப்பான க்வினைன் கரைசல் வைப்பது ஆய்வாளர் வழக்கம். தவறுக்குத் தண்டனை இருந்தால் தேனீ நிதானமாகப் பார்க்கிறது, இல்லையென்றால் "போனால் போகட்டும்" என்று எதிலாவது இறங்குகிறது. பரீட்சையில் நெகட்டிவ் மார்க் மாதிரி.

கடைசிப் படி: கடிகாரம்

நாலைந்து நாள் தொடர்ந்து காலை ஒன்பது முதல் பத்தரை வரை மட்டும் சீனித் தண்ணீர் வையுங்கள். ஆறாவது நாள் ஒன்றும் வைக்காமல் விடிந்ததிலிருந்து உட்கார்ந்து எண்ணுங்கள். 1929இல் இங்கபோர்க் பெலிங் இதைச் செய்தபோது, புள்ளி வைத்த தேனீக்கள் பழகிய நேரத்தை ஒட்டியே காலி மேசைக்கு வந்தன, மற்ற நேரம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. பூக்களும் நேரம் பார்த்துத்தான் தேன் சுரக்கின்றன, நாளெல்லாம் அலைந்து என்ன லாபம். என் மேசையில் முதல் புள்ளித் தேனீ வந்தது எட்டு ஐம்பதுக்கு. கொஞ்சம் முன்னாலேயே வருவதுதான் வழக்கம், பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி.

முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாதீர்கள், பசியோடு வந்த கூட்டம் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் நுழையும், வசவு உங்களுக்கு. இரண்டு நாள் சீனியைப் பாதி, பிறகு கால்வாசி என்று குறையுங்கள். தண்ணீராகிவிட்டது என்று தெரிந்ததும் அவையே வருவதைக் குறைத்துக்கொள்ளும். முக்காலியை அதே இடத்தில் இன்னும் ஒரு வாரம் விட்டு வையுங்கள். மஞ்சள் புள்ளிக்காரி ஒருத்தி எனக்கு ஒன்பதாம் நாளும் ஒன்பது மணிக்கு வந்து, பலகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துளசிச் செடிக்குப் போனாள்.